ஆளில்லாத ரயில் நிலையத்தில் தந்தி அடித்த பெண்: அந்த மௌனப் படம் எது?

ஒரு பழைய மௌனப் படத்தின் சில நிமிடங்களைப் பார்த்ததாகவும், ஆளரவமற்ற ஒரு ரயில் நிலையத்தில் தந்தி அடிக்கும் இளம்பெண்ணை இரண்டு திருடர்கள் நெருங்க, அவள் துப்பாக்கி போன்ற ஏதோ ஒன்றைக் காட்டி அவர்களை அப்படியே நிறுத்திவைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது எந்தப் படம், அதை வெஸ்டர்ன் (அமெரிக்க மேற்குப் பகுதியைக் களமாகக் கொண்ட கதை) என்று சொல்லலாமா, அந்தக் காலத்தில் பெண்கள் உண்மையிலேயே அப்படித் தனியாக வேலை பார்த்தார்களா என்பவை உங்கள் கேள்விகள். கடைசி வரியில், போகிறபோக்கில் கேட்டதுபோல இன்னொன்றும் இருக்கிறது: காதால் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டிய தந்தியை வைத்து, சத்தமே இல்லாத ஒரு படம் எப்படிக் கதை சொன்னது? நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இதுதான் என்று நினைக்கிறேன். பல ஆண்டுகளாகப் படத்தொகுப்பு கற்பித்து வருகிறவன் என்ற முறையில், மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் இதற்குச் சற்று விரிவாகவும் பதில் சொல்கிறேன். தந்தி என் துறை அல்ல. அதைப் பற்றி இங்கே சொல்பவை, அந்தத் தொழிலில் இருந்தவர்கள் எழுதிவைத்தவற்றைப் படித்து அறிந்தவை.

நீங்கள் பார்த்தது 'தி லோன்டேல் ஆபரேட்டர்'. பயோகிராஃப் நிறுவனத்துக்காக டி. டபிள்யூ. கிரிஃபித் இயக்கி 1911 மார்ச்சில் வெளிவந்த ஒரு ரீல் படம் அது. கதை மாக் சென்னட், ஒளிப்பதிவு பில்லி பிட்சர், தந்தி அடிக்கும் பெண்ணாக நடித்தவர் பிளான்ச் ஸ்வீட். அந்தக் குளிர்காலத்தில் கலிஃபோர்னியாவில் படம்பிடித்தபோது அவருக்குப் பதினைந்து வயதுகூட நிறையவில்லை என்பதைப் படத்தைப் பார்த்து யாரும் ஊகிக்க முடியாது. அவ்வளவு நிதானம் அந்த முகத்தில் இருக்கிறது. உடல்நலமில்லாத தந்தைக்குப் பதிலாக மகள் நிலையத்தில் அமர்கிறாள். அவளை விரும்பும் என்ஜின் டிரைவர் வேலைக்குக் கிளம்பிப் போகிறான். சுரங்கத் தொழிலாளர்களின் சம்பளப் பணம் ஒரு பையில் ரயிலில் வந்து அவள் பொறுப்பில் சேர்கிறது. அதே ரயிலில் திருட்டுத்தனமாகத் தொற்றிக்கொண்டு வந்த இரண்டு நாடோடிகள் அதைப் பார்த்துவிடுகிறார்கள். இவ்வளவுதான் கதை. அவள் கதவைப் பூட்டுகிறாள், உதவி கேட்டுத் தந்தி அடிக்கிறாள், விளக்கை அணைக்கிறாள், கையில் கிடைத்த ஒரு ஸ்பானரை இருட்டில் துப்பாக்கிபோலப் பிடித்து, காதலனின் என்ஜின் வந்து சேரும்வரை அவர்களை நகரவிடாமல் நிறுத்திவைக்கிறாள்.

இதனோடு குழப்பிக்கொள்ள வாய்ப்புள்ள படம் ஒன்றும் உண்டு. ஓராண்டு கழித்து, 1912இல், கிரிஃபித் கிட்டத்தட்ட இதே கதையை 'தி கேர்ள் அண்ட் ஹர் ட்ரஸ்ட்' என்ற பெயரில் மீண்டும் எடுத்தார். அதில் டாரதி பெர்னார்ட் நடித்தார். அந்தப் படத்தின் பெண், பூட்டிய கதவின் சாவித் துவாரத்தில் ஒரு தோட்டாவைச் செருகிச் சுத்தியலால் தட்டி வெடிக்க வைக்கிறாள். பிறகு தண்டவாளத்தில் டிராலிக்கும் என்ஜினுக்கும் இடையே ஒரு துரத்தல் நடக்கிறது. நீங்கள் பார்த்த துண்டில் டிராலி இல்லை, துப்பாக்கி மாதிரியான பொருள் இருக்கிறது என்பதால் அது 1911ஆம் ஆண்டுப் படம்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இனி முக்கியமான கேள்விக்கு வருகிறேன். இதற்கு விடை காண, எட்டு ஆண்டுகள் பின்னால் போய், எடிசன் நிறுவனத்துக்காக எட்வின் எஸ். போர்ட்டர் 1903இல் எடுத்த 'தி கிரேட் டிரெயின் ராபரி'யை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தப் படம் தொடங்குவதே ஒரு ரயில்வே தந்தி அலுவலகத்தில்தான். இரண்டு கொள்ளைக்காரர்கள் உள்ளே நுழைந்து, ரயிலை நிறுத்தச் சொல்லியும், வழக்கமான இடத்துக்குப் பதிலாக இங்கேயே தண்ணீர் பிடிக்கச் சொல்லும் பொய்யான உத்தரவை எழுதச் சொல்லியும் ஆபரேட்டரைத் துப்பாக்கி முனையில் மிரட்டுகிறார்கள். சுவரில் உள்ள ஜன்னலுக்கு வெளியே ரயில் வந்து நிற்பது தெரிகிறது. ஸ்டுடியோவில் எடுத்த அறையையும் வெளியே எடுத்த ரயிலையும் ஒரே ஃபிரேமில் சேர்த்த தந்திரம் அது. ரயில் கிளம்பியதும் ஆபரேட்டரை அடித்துக் கட்டிப்போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். படத்தின் பத்தாவது காட்சியில் கதை மறுபடி இதே அறைக்குத் திரும்புகிறது. கைகள் கட்டப்பட்ட அந்த மனிதர் தட்டுத்தடுமாறி எழுந்து, மேசைமேல் சாய்ந்து, மோவாயால் தந்தி விசையை அழுத்துகிறார். உடனே மயங்கி விழுகிறார். சாப்பாட்டுத் தூக்கோடு வரும் அவருடைய சின்ன மகள் கட்டை அறுத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்புகிறாள்.

மோவாயால் அடித்த அந்தச் செய்தி எங்கே போய்ச் சேர்ந்தது, அதை யார் கேட்டார்கள், என்ன செய்தார்கள் என்பதைப் படம் காட்டுவதே இல்லை. அடுத்த காட்சியில் ஆபரேட்டர் தானே ஓடிப்போய், நடனம் நடக்கும் ஒரு கூடத்தில் நுழைந்து ஆட்களைக் கூட்டுகிறார். தந்திக் கம்பி அங்கே இருக்கிறது, ஆனால் அதன் மறுமுனை என்று ஒன்று போர்ட்டரின் படத்தில் இல்லை. சுமார் பன்னிரண்டு நிமிடங்களுக்கு மொத்தம் 14 ஷாட்கள். ஒவ்வொன்றும் ஓரிடத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆபரேட்டர் கட்டவிழும் அந்த நேரம் கொள்ளை நடந்துகொண்டிருந்த நேரமா, முடிந்த பிறகா என்பதையும் படம் தெளிவாகச் சொல்வதில்லை. அதை ஆய்வாளர்கள் இன்றும் இரண்டு விதமாகப் படிக்கிறார்கள். இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

'லோன்டேல் ஆபரேட்டர்' கம்பியின் மறுமுனைக்குப் போகிறது. விசையின்மேல் அந்தப் பெண்ணின் கை, அடுத்து, வேறொரு நிலையத்தில் மேசையில் கவிழ்ந்து தூங்கும் ஆபரேட்டர், மறுபடி அவள், மறுபடி அவர். அவர் விழித்துக்கொள்ளும் வரை அவள் அடித்துக்கொண்டே இருக்கிறாள். உங்கள் கேள்விக்கு விடை இந்த நான்கைந்து ஷாட்களில் இருக்கிறது. தந்தியின் சத்தத்தைப் படத்தால் தர முடியவில்லை. அதனால் தந்தி செய்கிற வேலையைப் படத்தொகுப்பே செய்கிறது. ஓரிடத்தில் விசை அழுத்தப்படுகிறது, கணப்பொழுதில் வேறோர் இடம் திரையில் வருகிறது. தூரத்தில் உள்ள இரண்டு இடங்களை இப்படித் திடீரென்று மாற்றிமாற்றிக் காட்டினால் பார்வையாளர் குழம்பிவிடுவார் என்ற அச்சம் அந்தக் காலத் தயாரிப்பாளர்களுக்கு உண்மையிலேயே இருந்தது. இங்கே குழப்பத்துக்கு இடமில்லை, ஏனென்றால் இரண்டு இடங்களுக்கும் நடுவே ஒரு கம்பி ஓடுகிறது என்பது அன்றைய அமெரிக்கப் பார்வையாளர் எல்லோருக்கும் தெரியும்.

செய்தி போய்ச் சேர்ந்த பிறகு படம் மூன்று இழைகளாகப் பிரிகிறது: அறைக்குள் பெண், கதவுக்கு வெளியே இரண்டு திருடர்கள், தொலைவிலிருந்து பாய்ந்து வரும் என்ஜின். கதவு ஒவ்வொன்றாக உடைய உடைய, முதல் இரண்டு இழைகளுக்கு நடுவே உள்ள தூரம் குறைகிறது. என்ஜின் ஒவ்வொரு முறை வரும்போதும் மூன்றாவது இழையும் நெருங்குகிறது. ஷாட்களின் நீளமும் அதற்கேற்பக் குறைகிறது. மொத்தம் நூறை ஒட்டிய ஷாட்கள். போர்ட்டரின் பதினான்கோடு ஒப்பிட்டால், எட்டே ஆண்டுகளில் என்ன நடந்திருக்கிறது என்பது விளங்கும். முகத்தையோ பொருளையோ கேமரா நெருங்கிப் பார்ப்பது இந்தப் படத்தில் மிக அரிது. அப்படி ஒன்றைக் கிரிஃபித் கடைசிவரை சேமித்துவைக்கிறார்: எல்லாம் முடிந்த பிறகு, அவள் கையில் இருந்தது ஸ்பானர்தான் என்பது திரை நிறையக் காட்டப்படுகிறது. அதுவரை திருடர்கள் எதை நம்பினார்களோ அதையே நம்மில் பலரும் நம்பிக்கொண்டிருந்திருப்போம். ஏமாந்ததை உணர்ந்த திருடர்கள் அவளுக்குத் தலை வணங்குகிறார்கள். மாணவர்களுக்கு இந்தப் படத்தைத் திரையிடும் ஒவ்வொரு முறையும் நான் இந்த ஷாட்டுக்காகக் காத்திருப்பேன். ஒரு தகவலை எப்போது தருவது, எப்போது மறைப்பது என்பதே படத்தொகுப்பாளரின் முதன்மையான முடிவு என்பதற்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் என்னிடம் இல்லை.

உறுதியாகச் சொல்ல முடியாத ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இப்படி மாற்றிமாற்றி இன்டர்கட் செய்யும் உத்தியைக் கிரிஃபித்தான் கண்டுபிடித்தார் என்று பல இடங்களில் படிப்பீர்கள். அவரே பயோகிராஃபை விட்டு விலகியபின் 1913 டிசம்பரில் ஒரு வணிகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, குளோசப் உட்படப் பலவற்றுக்கு உரிமை கொண்டாடினார். அந்த உரிமையை அப்படியே ஏற்க முடியாது. பிரான்சில் பாத்தே நிறுவனம் 1908இல் வெளியிட்ட ஒரு படத்தில், திருடர்கள் புகுந்த வீட்டிலிருந்து மனைவி தொலைபேசியில் கணவனை அழைக்கும் காட்சி ஏற்கெனவே இருக்கிறது. கிரிஃபித் 1909இல் எடுத்த 'தி லோன்லி வில்லா'வும் அதே ஏற்பாட்டில்தான் நடக்கிறது. போர்ட்டருக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட சான்று ஒன்றும் பின்னாளில் விழுந்துவிட்டது. அவருடைய 1903ஆம் ஆண்டுத் தீயணைப்பு வீரர் படத்தின் ஒரு பிரதியில், எரியும் வீட்டின் உட்புறமும் வெளிப்புறமும் அழகாக மாறிமாறி வருவதைப் பார்த்து, இன்டர்கட்டின் பிறப்பு அங்கேதான் என்று நெடுநாள் எழுதிவந்தார்கள். காப்புரிமைக்காகக் காகிதச் சுருளாக வாஷிங்டனில் ஒப்படைக்கப்பட்டிருந்த பிரதியை எடுத்துப் பார்த்தபோது, முதலில் உள்ளே நடந்தது முழுவதும், பிறகு அதே நிகழ்ச்சி வெளியிலிருந்து முழுவதும் என்றுதான் இருந்தது. மாறிமாறி வருவது பிற்காலத்தில் யாரோ வெட்டி ஒட்டிய வடிவம் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. ஆகவே கண்டுபிடித்தவர் என்ற பட்டத்தை யாருக்கும் தராமல், தந்தியும் தொலைபேசியும் கதையில் வந்த படங்களில் இந்த உத்தி சீக்கிரம் வேரூன்றியது, கிரிஃபித் அதை எல்லோரையும்விட விடாப்பிடியாக வளர்த்தார் என்று சொல்வதே பொருத்தம்.

தந்தியைப் படம் எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதில் பாராட்டவும் குறை சொல்லவும் இடம் உண்டு. அமெரிக்க ரயில்வே ஆபரேட்டர்கள் காகித நாடாவில் புள்ளிகளைப் படிக்கவில்லை, சவுண்டர் என்ற சிறு கருவியின் தட்டல்களைக் காதால் கேட்டே எழுதினார்கள். அதன் நெம்பு கீழே இறங்கும்போது ஒரு தட்டல், மேலே எழும்போது ஒரு தட்டல். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை வைத்துத்தான் புள்ளியா கோடா என்று அறிவார்கள். ஓசை கூடுதலாகக் கேட்பதற்காகச் சவுண்டருக்குப் பின்னால் காலிப் புகையிலை டின் ஒன்றைச் செருகிவைப்பது பரவலான வழக்கம். இந்த நெம்பின் அசைவு மிகச் சிறியது, அன்றைய கேமரா நின்ற தூரத்திலிருந்து அது தெரியாது. எனவே கேட்பவரின் முகத்தையும் தோளையும் பார்த்தே செய்தி வந்துவிட்டது என்று நாம் ஊகிக்கிறோம். தூங்கும் ஆபரேட்டர் கற்பனை அல்ல. இரவுப் பணியில் தூக்கம் பெரிய பிரச்சினையாக இருந்ததால், விழித்திருப்பதைக் காட்ட மணிக்கொரு முறை ஒரு குறியீட்டை அனுப்ப வேண்டும் என்று விதி வைத்திருந்த ரயில்வேக்கள் உண்டு. கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்டு சந்திப்பில் இரவு ஆபரேட்டராக இருந்த ஓர் இளைஞர், அந்தக் குறியீட்டைத் தானாகவே அனுப்பும்படி கடிகாரத்தோடு ஒரு பொறியை இணைத்துவிட்டுத் தூங்கினார். அவர் தாமஸ் எடிசன்; 'தி கிரேட் டிரெயின் ராபரி' வெளிவந்தது அவருடைய நிறுவனத்திலிருந்துதான்.

படம் வசதிக்காக மறைப்பவை இரண்டு. ஒரே கம்பியில் பல நிலையங்கள் தொடராக இணைக்கப்பட்டிருந்ததால், அவள் அடிக்கும் ஒவ்வொரு தட்டலும் அந்தத் தடத்தில் உள்ள எல்லாச் சவுண்டர்களிலும், போக்குவரத்தை நடத்தும் டிஸ்பாட்சரின் மேசையிலும் கேட்டிருக்கும். ஒருவர் தூங்கினால் இன்னொருவர் பதில் கொடுத்திருப்பார். அடுத்தது, ஒற்றைத் தடத்தில் ஓர் என்ஜின் டிஸ்பாட்சரின் எழுத்து உத்தரவு இல்லாமல் அப்படிப் பாய்ந்து போகவே முடியாது. எதிரே ஒரு ரயில் வந்துகொண்டிருந்தால் என்ன ஆவது? அந்த உத்தரவுகளை மெல்லிய தாளில் எழுதி, வளையத்தில் மாட்டி, ஓடும் ரயிலில் இருப்பவர் கைக்கு எட்டும்படி நீட்டுவதுதான் நிலைய ஆபரேட்டரின் அன்றாட வேலை. கிரிஃபித் டிஸ்பாட்சரைக் கதையிலிருந்தே தூக்கிவிட்டார். மூன்று இழைகளுக்கு மேல் தாங்காது என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். அந்தக் கணக்கு சரியானது.

பெண்கள் உண்மையிலேயே இந்த வேலையைச் செய்தார்களா என்றால், ஆம். தந்தி முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான சாமுவேல் மோர்ஸின் புகழ்பெற்ற வாஷிங்டன்–பால்டிமோர் செய்தி அனுப்பப்பட்டது 1844 மே மாதத்தில். இரண்டே ஆண்டுகளில், 1846இல், மாசசூசெட்ஸின் லோவெல் நகரில் சாரா பேக்லி தந்தி ஆபரேட்டராக அமர்ந்துவிட்டார். அதற்குமுன் அவர் பஞ்சாலைத் தொழிலாளி, பத்து மணி நேர வேலைநாளுக்காகப் போராடியவர். ரயில் பாதைகள் மேற்கே நீண்டபோது சிறு நிலையங்களில் குடும்பமே வேலை பார்த்தது. தந்தையிடமிருந்தோ கணவரிடமிருந்தோ விசையைக் கற்றுக்கொண்ட பெண்கள் பின்பு தாமே பொறுப்பேற்றார்கள். படத்தில் மகள் தந்தையின் இடத்தில் அமர்வது இந்த வழக்கத்தைத்தான் பின்பற்றுகிறது. டெக்சஸில் 1880இல் பிறந்து, 'மா கைலி' என்று சக ஊழியர்களால் அழைக்கப்பட்ட மேட்டி காலின்ஸ் பிரைட், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பல ரயில்வேக்களில், மெக்சிகோ உட்பட, ஊர் ஊராக மாறி இதே வேலையைச் செய்தார். அவர் எழுதிவைத்த நினைவுகளில் கொள்ளைக்காரர்களைவிட நீண்ட பணி நேரமும், குழந்தையை வைத்துக்கொண்டு வேலை தேடி அலைந்ததும்தான் அதிகம். திரையில் வந்த பெண்கள் அவரைப் போன்றவர்களின் வாழ்க்கையில் ஒரே ஒரு கெட்ட இரவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். காலெம் நிறுவனம் 1914 முதல் 1917 வரை வெளியிட்ட 'தி ஹசார்ட்ஸ் ஆஃப் ஹெலன்' அந்த இரவை 119 படங்களாக நீட்டியது. அதில் ஹெலன் ஹோம்ஸும் அவருக்குப்பின் ஹெலன் கிப்சனும் நடித்த தந்தி ஆபரேட்டர், உதவிக்கு யாரையும் எதிர்பாராமல் தானே ஓடும் ரயிலில் பாய்ந்து ஏறுகிறவள்.

வெஸ்டர்ன் என்று சொல்லலாமா என்பதில் என் கருத்து தயக்கத்தோடுதான். சுரங்கம், தனி நிலையம், சம்பளப் பணம், கொள்ளை ஆகிய பொருள்களெல்லாம் அந்த வகையைச் சேர்ந்தவை. ஆனால் குதிரை இல்லை, ஷெரிஃப் இல்லை, வெளியே ஓடுவதும் மலைச்சரிவில் சுடுவதும் இல்லை. கதையின் கனம் முழுவதும் பூட்டிய ஓர் அறைக்குள் இருக்கிறது. அன்று ரயில்வே நாடகம் தனியொரு வகையாகவே செழித்திருந்தது. அதில் வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. 'தி கிரேட் டிரெயின் ராபரி' வெஸ்டர்ன்தான். அதை உலகின் முதல் வெஸ்டர்ன் என்று சொல்வது மட்டும் தவறு. மேற்கத்திய மதுக்கடைக் காட்சி ஒன்றை எடிசன் நிறுவனமே 1899இல் எடுத்திருக்கிறது. அத்தனை மேற்கத்தியமாகத் தோன்றும் அந்தக் கொள்ளைப் படம் எடுக்கப்பட்டதும் கிழக்கே, நியூயார்க் ஸ்டுடியோவிலும் நியூ ஜெர்சியிலும்தான்.

முழுப் படத்தையும் தேடிப் பார்க்கப்போகிறீர்கள் என்றால் இரண்டைக் கவனியுங்கள். முதலாவது நிறம். விளக்கை அவள் அணைக்கும் காட்சியைப் பட்டப்பகலில்தான் எடுத்திருக்கிறார்கள்; திரையிடும் பிரதியில் அந்தப் பகுதிக்கு நீலச் சாயம் ஏற்றி இருட்டைக் கொண்டுவந்தார்கள். இணையத்தில் பரவியிருக்கும் பல கறுப்பு வெள்ளைப் பிரதிகளில் அந்த நீலம் இல்லை. அவற்றில் அறை வெளிச்சமாக இருக்க, இரண்டு வளர்ந்த ஆண்கள் ஒரு ஸ்பானரைப் பார்த்துப் பயப்படுவது அபத்தமாகத் தெரியும். நீலச் சாயம் உள்ள பிரதியில் மட்டுமே அந்த ஏமாற்று நம்பும்படி இருக்கும். இரண்டாவது வேகம். ஆயிரம் அடி நீளமுள்ள ஒரு ரீலை வினாடிக்கு 16 ஃபிரேம் வீதம் ஓட்டினால் ஏறக்குறைய பதினேழு நிமிடம் வரும். அதையே 24 ஃபிரேமில் ஓட்டினால் பதினொரு நிமிடத்தில் முடிந்துவிடும், ஆட்கள் துள்ளித் துள்ளி நடப்பார்கள். நீளம் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாத, நீலம் தெரிகிற பிரதியாகத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்காவில் இதன் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது என்பதால், காப்பகங்கள் வெளியிட்ட நல்ல பிரதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.